சரி போட்ட வாக்குறுதிகளையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் நீங்கள் போட்டிருந்த பெரிய அட்டவணையைப் பார்த்தேன். இலங்கைக் கட்சிகள் தேர்தல் விஞ்ஞாபனங்களில் சொன்னவை ஒரு பக்கம். செய்ததற்குச் சரி, செய்யாததற்குப் பிழை என்று மறுபக்கம். உழைப்புத் தெரிகிறது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத் திணைக்களமொன்றில் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பிழை போட்ட இடங்களில் எனக்குப் பிரச்சினை இல்லை. சரி போட்ட இடங்களில்தான் சந்தேகம்.

என் கதையையே சொல்கிறேன். 2019 ஜனாதிபதித் தேர்தல் நேரம் கோட்டாபய ராஜபக்ஷவின் விஞ்ஞாபனமான ‘சுபீட்சத்தின் நோக்கு’ என் கைக்கு வந்தது. பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வாசித்தேன். 15 வீத வற் (பெறுமதி சேர்) வரியையும் 2 வீத தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியையும் எடுத்துவிட்டு, 8 வீதத்தில் ஒரே வரியாக ஆக்குவோம் என்று இருந்தது. அதன் ஓரத்தில் ‘நல்லது’ என்று எழுதி, சரியும் போட்டேன். சாமான் விலை குறையும் என்ற நினைப்புத்தான். கணக்கு உத்தியோகத்தனாக இருந்து ஓய்வுபெற்றவன், விடுபடும் வருமானத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்று அந்த ஓரத்தில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.

அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். நவம்பரில் தேர்தல், டிசம்பர் முதலாம் திகதி வற் 8 வீதம். வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாய் வியாபாரம் இருந்தால் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையையும் 300 மில்லியனுக்கு உயர்த்தினார்கள். உங்கள் கணக்கில் இது சுத்தமான சரி. பிறகு கொரோனா வந்தது. அது அவர்களுடைய குற்றமில்லை. ஆனால் அது வந்தபோது திறைசேரியின் வாய்க்காலை நாங்களே அடைத்து வைத்திருந்தோம். கடன் தரப்படுத்தல் இறங்கியது, வெளியில் கடன் எடுக்க வழியில்லாமல் போனது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த மாதங்களில் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வைத்துவிட்டு, விடியற்காலையில் இருந்து நடைபாதையில் நின்றவர்களில் நானும் ஒருவன். என் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது அந்தப் பென்சில் சரி ஞாபகம் வந்தது. அன்று 15 வீதமே கூட என்று முணுமுணுத்தவர்கள் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் கட்டுகிறோம்.

அதே புத்தகத்தில் இரசாயன உரமில்லாத சேதன விவசாயமும் இருந்தது. பத்து வருடத்தில் படிப்படியாக என்று எழுதியிருந்தார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் முடிவை மாற்றிக்கொண்டார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. இதற்கு என்ன அடையாளம் போடுவீர்கள்? சரியா, பிழையா, அல்லது இரண்டையும் சேர்த்தா?

இன்னும் பின்னால் போனால் 1956. இதை விட்டுவிட்டு விஞ்ஞாபனத்தைப் பற்றி ஒரு தமிழன் பேச முடியாது. பண்டாரநாயக்கா 24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும் என்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய மக்கள் ஐக்கிய முன்னணி விஞ்ஞாபனத்தில் அந்த விஷயம் இரண்டு பாதியாக இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. முதல் பாதி, சிங்களம் மட்டுமே அரச கரும மொழி. பின் பாதி, தமிழின் நியாயமான உபயோகத்துக்கு உரிய இடம் கொடுக்கப்படும். ஏப்ரலில் ஆட்சிக்கு வந்தார்கள், ஜூனில் பிரதிநிதிகள் சபையில் முதல் பாதி சட்டமூலமாக நிறைவேறியது. பின் பாதிக்கான சட்டம் வந்தது 1958இல், ஒரு கலவரம் முடிந்த பிறகு. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வந்தது 1966இல். ஒரே விஷயம்தான். ஒரு பாதிக்கு இரண்டு மாதம், மற்றப் பாதிக்குப் பத்து வருடம்.

என் அப்பா அப்போது எழுதுவினைஞர். வேலையில் நிலைக்க வேண்டுமென்று நாற்பது வயதில் சிங்கள அரிச்சுவடி வாங்கிப் படித்தவர். வீட்டில் யாராவது அளவுக்கு மிஞ்சிக் கதைத்தால், “போதும், இது நியாயமான உபயோகத்தைத் தாண்டிவிட்டது” என்பார். அந்தப் பகிடி எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது.

1977உம் அதே கதைதான். ஐக்கிய தேசியக் கட்சியின் விஞ்ஞாபனத்தில் ஜனாதிபதி ஆட்சி முறையும் இருந்தது. தமிழருடைய கல்வி, குடியேற்றம், மொழி, வேலைவாய்ப்புப் பிரச்சினைகளைத் தீர்க்க சர்வகட்சி மாநாடு கூட்டுவதும் இருந்தது. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி அக்கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன நிறைவேற்று ஜனாதிபதி ஆகிவிட்டார். சர்வகட்சி மாநாடு கூடியது 1984 ஜனவரியில். இடையில் 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். கொழும்பில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அன்று நிறைவேற்றிய அதே ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்பதுதான் அதன் பிறகு வந்த எத்தனையோ விஞ்ஞாபனங்களின் முதல் பக்கம். 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாக, 1994இல் ஜனாதிபதியான சந்திரிகா நாளே குறித்துச் சொன்னார். அந்த நாளும் போய்விட்டது.

ஆனாலும் நாள் குறிப்பவர்களை நான் மதிக்கிறேன். குறித்தால் கேட்கவாவது முடியும். மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்று 2024இல் தேசிய மக்கள் சக்தியினர் சொன்னார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் நடக்கவில்லை. அதை இன்று பெயர் சொல்லிக் கேட்க முடிவது, ஒரு வருடம் என்று எழுதியதால்தான். ‘ஆவன செய்யப்படும்’ என்பதை வைத்துக்கொண்டு யாரை, எப்போது, என்னவென்று கேட்பது? எங்கள் திணைக்களத்தில் ஒரு கடிதத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினால், அந்தக் கடிதக் கோவை அலுமாரிக்குப் போகிறது என்று அர்த்தம். எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். தமிழில் ‘படும்’ போட்டு எழுதினால் செய்கிற ஆள் வசனத்தை விட்டு நழுவிவிடுவார். ‘செய்வோம்’ என்றால் ஒரு ஆள் நிற்கிறார். ‘செய்யப்படும்’ என்றால் தானாக நடக்கும் போல.

ஒருமுறை மாடிவீட்டுச் சிங்கள நண்பரும் நானும் ஒரு கட்சியின் விஞ்ஞாபனத்தை (பெயர் வேண்டாம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் கையில் சிங்களப் பிரதி, என் கையில் தமிழ்ப் பிரதி, நடுவில் பிளேன் டீ. அவருடையதில் ‘செய்வோம்’ என்று இருந்த இடங்களில் என்னுடையதில் பெரும்பாலும் ‘செய்யப்படும்’. ஓரிடத்தில் அவருக்குத் தொகையே போட்டிருந்தது, எனக்கு ‘கணிசமான நிதி’. சதி என்று சொல்லமாட்டேன். கடைசி இரவில் யாரோ ஒரு பிள்ளையிடம் மொழிபெயர்க்கக் கொடுத்திருப்பார்கள். ஆனால் தமிழ் வாக்காளர் கையில் இருப்பது அந்தப் பிரதிதானே. அடுத்த முறை உங்கள் நிருபர்களில் ஒருவர் இரண்டு பிரதிகளையும் ஒரு மேசையில் வைத்து வாசித்தால் நல்லது. அரை நாள் வேலை.

அரிசி வாக்குறுதிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவோம் என்றார்கள், 1977இல் எட்டு இறாத்தல் தானியம் என்றார்கள். எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கிடைக்காமல் போன அரிசியால் எங்களுக்கு வந்த நட்டத்தைவிட, நிறைவேறிய சில வாக்குறுதிகளால் வந்த நட்டம் பெரிது.

ஆகவே அட்டவணையில் இன்னொரு நிரல் சேர்க்க முடியுமா? சொன்னார்கள், செய்தார்கள் என்பதற்குப் பக்கத்தில், அதற்கு யார் காசு கட்டினார்கள் என்று. 2019க்கு உதாரணம் தேவைப்பட்டால் என் பிரதியைக் கொண்டுவந்து தருகிறேன். ஓரத்தில் ‘நல்லது’ என்று எழுதியிருப்பதை இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06