தடவிப் பார்க்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்றில் மிதக்கும் படத்துக்கு நேரே விரலை நீட்டி இயந்திரங்களை இயக்கலாம் என்று கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் எனக்காக. பிறகு என் அக்காவுக்காக உரத்து. அக்காவுக்கு 71 வயது. குளுக்கோமாவால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்ப் பதின்மூன்று வருடமாகிறது. வாசித்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "படம் காத்தில நிக்குதெண்டா, நான் எதைத் தடவுறது தம்பி?" அந்தக் கேள்வியை உங்கள் வாசகர்கள் முன் வைக்கத்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் 38 வருடம் ரேடியோவும் ரீவியும் திருத்தியவன். புதிய சாமானைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. இந்த மிதக்கும் படத்தின் சூட்சுமம் எனக்கு நன்றாகவே பிடித்திருக்கிறது. வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். பகலில் யன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்குக் கிட்ட அதைப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், ஓரிடத்தில் யன்னல் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். பள்ளிக்கூடத்தில் மெய்விம்பம் என்று படித்தோமே, அதுதான். இப்போது சுவர் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி அந்த இடத்தில் அப்போதும் வந்து கூடும், விம்பம் காற்றில் நிற்கும். கட்டுரையில் வந்த புதிய பலகைகளில் பூதக்கண்ணாடி வில்லைக்குப் பதிலாக ஒரு விசேஷத் தகடு. அதற்குள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற மிக ஒடுங்கிய கீற்றுகள் இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் மறைந்திருக்கும் திரையிலிருந்து வரும் ஒளி இரண்டு அடுக்கிலும் ஒவ்வொரு தடவை தெறித்து, மறுபக்கத்தில் அதே தூரத்தில் திரும்பவும் ஒன்றுசேரும். திரை தகட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தால் படம் ஒரு சாண் முன்னால் நிற்கும். அந்தப் படம் நிற்கும் தளத்திலே, ரீவி ரிமோட்டில் வருகிற அதே செந்நிறக்கீழ்க் கதிரை ஒரு சென்சர் விரித்து வைத்திருக்கும். விரல் அதற்குள் போனால், எந்த எண்ணில் போனது என்று அது கண்டுபிடிக்கும்.

இந்தத் தகட்டைச் செய்கிற நிறுவனங்களில் ஒன்று ஜப்பானின் ஹிரோஷிமாவில் உள்ள அசுகாநெற். 2022 பெப்ரவரியில் செவன் இலெவன் கடைக்காரர்கள் டோக்கியோவில் 6 கடைகளில் காசு செலுத்தும் மேசையிலேயே இதை வைத்துப் பரீட்சித்தார்கள். கொரோனா தந்த பயம் அதற்கு ஒரு காரணம். அந்த வைரஸ் பிளாஸ்ரிக்கிலும் உருக்கிலும் 72 மணித்தியாலம் வரை தங்கக்கூடும் என்று 2020 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தபோது நாங்கள் எல்லோரும் கதவுப்பிடியைக் கண்டே பயந்தோம். தொட்ட இடத்தால் அது தொற்றுவது குறைவு என்று பிறகு தெரிந்தது. அதற்காகக் கை சுத்தம் தேவையில்லை என்று ஆகாது. வயிற்றோட்டக் கிருமிகள் கையாலும் பரவுகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. படம் நேரே நிற்பவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், ஏரிஎம்மில் பக்கத்தில் நிற்பவர் எங்கள் இரகசிய இலக்கத்தைப் பார்க்க முடியாது. ஆகவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

இனி அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன்.

நீரிழிவு கிளினிக்குக்காக அக்கா மாதம் ஒரு தடவை ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போவார். மூன்றாம் மாடி. தெரிந்த ஓட்டோக்காரர் வாசலில் இறக்கிவிடுவார். அங்கிருந்து அவர் தனியேதான் போவார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர், பிறர் கையைப் பிடித்து நடக்க அவருக்கு மனம் வராது. லிப்ட்டுக்குள் போனதும் கதவின் வலப்பக்கச் சுவரைத் தடவுவார். உருக்குப் பொத்தான்கள் குளிர்ந்து, கொஞ்சம் புடைத்து இருக்கும். பக்கத்திலே பிரெய்ல் புள்ளிகள். பார்வை போன பிறகு அவர் பிரெய்லில் எண்களை மட்டும் பழகினார். எனக்கும் சொல்லித் தந்தார். எண் வரப்போகிறது என்பதற்கு முதலில் ஓர் அடையாளம், கண்ணாடியில் பார்த்த 'ட' போல நான்கு புள்ளி. அடுத்து இரண்டு புள்ளி ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் 2. பக்கம் பக்கமாக இருந்தால் 3. அந்தப் பக்கம் பக்கமான இரண்டு புள்ளி விரலில் பட்டதும் பொத்தானை அழுத்துவார். மூன்று விநாடி வேலை.

போன வருடம் அந்த லிப்ட்டைப் புதுப்பித்தார்கள். மிதக்கும் படம் இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை, அதன் தம்பி வந்துவிட்டது. தட்டையான கறுப்புக் கண்ணாடி, உள்ளே ஒளிரும் எண்கள், கையைக் கிட்டக் காட்டினால் போதும். அக்கா வழமைபோலத் தடவினார். கை போன வழியெல்லாம் சென்சர் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் எரிந்தன. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடியது. எந்த மாடி எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "அம்மா, கையை எடுங்கோ" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அவசரமாக இருந்திருக்கும். அன்று அக்கா நான்காம் மாடியில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எனக்குப் போன் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் தனியே போவதில்லை.

நான் நிர்வாகத்தில் கதைத்தேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். லிப்ட்டில் உதவியாளர் இருக்கிறார், அவரிடம் கேட்கலாம் என்றார்கள். இருக்கிறார், பின்னேரம் நாலு மணி வரை.

நான் திருத்து வேலைக்காரன் என்பதால் கோளாறு எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். பொத்தானில் தேடுவது ஒரு வேலை, அழுத்துவது இன்னொரு வேலை. நீங்கள் எவ்வளவு தடவினாலும் அழுத்தும்வரை அது சும்மா இருக்கும். சென்சருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கை வந்தால் அதற்குக் கட்டளை. கண்ணால் தேடுகிறவருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. விரலால் தேடுகிறவருக்குத் தேடவே வழியில்லாமல் போகிறது. கறுப்புக் கண்ணாடியிலாவது தொட ஒரு கண்ணாடி உண்டு. மிதக்கும் படத்தில் அதுவும் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இன்னொரு சங்கடம். நேரே நிற்பவருக்கு மட்டும் தெரிகிற படம், இருப்பவரின் கண்மட்டத்துக்குத் தெரியாமலே போகலாம்.

சென்சரின் குணம் எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். 2020 ஊரடங்குக்குப் பிறகு கடை வாசலில் தொடாமல் அடிக்கும் மணி ஒன்றைப் பூட்டினேன். சின்ன சென்சர், ஒரு ரிலே, பழைய மணி. என் கடை கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் நேரே விழ, ஆளே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெயிலிலும் அதே கதிர் இருக்கிறதே. கறுப்புக் கடதாசியைக் குழலாகச் சுருட்டி மூடிய பிறகுதான் அடங்கியது. கறுப்புக் குடைப்பிடியை நீட்டினால் சில வேளை அடிக்காது, கறுப்பு அந்தக் கதிரைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். விலையுயர்ந்த பலகைகள் இதைவிட நன்றாக வேலை செய்யும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் வெயிலில் மிதக்கும் படம் மங்கும், அதை வெளி வாசலில் வைக்க நினைப்பவர்கள் ஒரு மத்தியானம் நின்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும், அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் பிபிசி தமிழோசையைப் பிடிக்கிறவர் எங்கள் வீட்டில் அக்காதான். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனாலும் விரலால்தான் பிடிப்பார். டயல் எத்தனை பல் திரும்ப வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாதி வேலை விரலால்தான் நடந்தது. யுத்தத்தில் பார்வையை இழந்தவர்கள் இன்றும் எங்கள் நடுவே அப்படித்தான் வாழ்கிறார்கள்.

தொடாமலே தொட்ட உணர்வைத் தரவும் ஒரு வழி இருக்கிறது. 2013இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கிய ஒரு நிறுவனம் அதைச் செய்து காட்டியது. சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்து, விநாடிக்கு 40,000 தடவை அதிரும், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளங்கையில் ஓரிடத்தில் குவிப்பார்கள். அந்த வேகத்தைத் தோலால் உணர முடியாது. அதனால் அதன் பலத்தை விநாடிக்கு 200 தடவையளவில் கூட்டிக் குறைப்பார்கள். ரேடியோ அலையில் குரலை ஏற்றுகிற அதே வித்தை. கையில் காற்று நடுங்குவது போல இருக்குமாம். மிதக்கும் பலகை வாங்குகிறவர்கள், இப்படியொன்றும் சேர்ந்து வருமா என்று விற்பவரிடம் கேட்கலாமே. குறைந்தது தமிழிலும் சிங்களத்திலும் எண்ணைச் சொல்லும் குரலும், சொன்ன பிறகு உறுதிப்படுத்தினால் மட்டும் வேலை செய்யும் ஒழுங்கும் இருக்க வேண்டும்.

சட்டமும் எங்களிடம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிப் போய்வருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. புதிய பலகை ஒன்றைப் பூட்ட முதல், கைதடி நவீல்ட் பாடசாலையிலிருந்தோ சுன்னாகம் வாழ்வகத்திலிருந்தோ பார்வையற்ற நாலு பேரை அழைத்து, "இதில் மூன்றாம் மாடிக்குப் போய்க் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். அரை மணித்தியாலத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த வைத்தியசாலையின் பழைய பொத்தான் பலகை இன்னும் களஞ்சிய அறையில் கிடக்கிறது, நான் கண்ணால் கண்டேன். பொத்தானும் சென்சரும் கடைசியில் செய்வது ஒரே வேலைதான், இரண்டு வயரைச் சேர்த்துவிடுவது. புதியதைக் கழற்றத் தேவையில்லை. பழையதை அதற்குக் கீழே பூட்டிச் சமாந்தரமாக இணைத்தால் இரண்டும் வேலை செய்யும். கிருமிக்குப் பயந்தவர் கையைக் காட்டட்டும், அல்லது பொத்தானை முழங்கையால் அழுத்தட்டும். லிப்ட் கம்பனிக்காரர் பக்கத்தில் நின்று சரி பார்த்தால், ஐந்து பொத்தானுக்கும் வயர் பிடித்துத் தர நான் தயார். கூலி வேண்டாம். அக்காவின் அடுத்த கிளினிக் வருகிற மாதம் இரண்டாம் செவ்வாய். அதற்கு முதல் எந்தப் பின்னேரம் கூப்பிட்டாலும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ திருத்துநர்,
கோண்டாவில்.