தக தக தக தகிட: சபாபதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சபாபதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் விஜயதசமியன்று மிருதங்கப் பாடம் தொடங்கினான் என்றும், இடக்கைப் பழக்கம் உள்ள அவனை வலக்கைக்கு மாற்றாமல் அவன் போக்கிலேயே விட்டிருக்கிறாய் என்றும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு எல்லோரும் நலம். கண் சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் படிப்பது குறைந்து, இசை கேட்பது கூடியிருக்கிறது. சில வாரங்களாக அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் ஜாஸ் குழுவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1958இல் அவர்கள் முதன்முதலாகக் கடல் கடந்து மேற்கொண்ட நெடும்பயணத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. அந்தப் பயணம் சென்னைக்கும் வந்தது என்பது அதற்கு ஒரு காரணம்.

குழுவில் நான்கு பேர். பியானோவில் ப்ரூபெக், ஆல்டோ சாக்ஸஃபோனில் பால் டெஸ்மண்ட், டபுள் பாஸில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. ரைட் கறுப்பினத்தவர், மற்ற மூவரும் வெள்ளையர். அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை 1956 முதல் ஜாஸ் குழுக்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. முதலில் சென்றவர் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி. சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் நடந்த காலம் அது. தங்கள் நாட்டில் சுதந்திரமும் சமத்துவமும் தழைக்கின்றன என்று உலகுக்குக் காட்ட ஜாஸைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை என்று அரசு கருதியது.

அந்தச் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பது ப்ரூபெக்குக்குப் புறப்படும் முன்பே தெரிந்துவிட்டது. 1958 பிப்ரவரியில், லண்டனுக்குக் கிளம்பும் தறுவாயில், வட கரோலினா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் அவர்களுக்குக் கச்சேரி இருந்தது. ரைட்டோடு மேடையேறக் கூடாது என்று அங்கே தடுத்தார்கள். அவர் இல்லாமல் வாசிக்க ப்ரூபெக் மறுத்துவிட்டார். அரங்கில் காத்திருந்த மாணவர்கள் பொறுமையிழந்து தரையைக் காலால் தட்டத் தொடங்கிய பின்னரே, ரைட் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ப்ரூபெக் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, ரைட்டின் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்று காரணம் சொல்லி, தன் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து தனியாக வாசிக்கும்படி அவரை அழைத்துவிட்டார். தன் நாட்டுக் கல்லூரியில் முன்வரிசையில் நிற்க இடம் கிடைக்காத ஒருவரைத்தான் அந்த நாடு தன் தூதராக அனுப்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் வாசித்துவிட்டு, மார்ச் மாதம் அவர்கள் போலந்துக்குள் நுழைந்தார்கள். ப்ரூபெக்கின் மனைவி அயோலாவும் மூத்த மகன்கள் இருவரும் அப்போது உடன் இருந்தனர். அங்கிருந்த இளைஞர்கள் அமெரிக்க அரசின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனோவர் நடத்திய நிகழ்ச்சியின் வழியே ஜாஸைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகையால் அந்த நால்வரும் முன்பின் தெரியாத ஊர்களுக்குப் போனாலும், அவர்களுடைய இசையை ஏற்கெனவே அறிந்த செவிகள் அங்கே காத்திருந்தன. போலந்தில் அந்நாட்டு இசைமேதை ஷோப்பானின் நினைவிடங்களைப் பார்த்த ப்ரூபெக், ரயிலில் போகும்போதே அவருடைய சாயலில் ஒரு மெட்டை மனத்தில் அமைத்தார். நன்றி என்று பொருள்படும் போலந்துச் சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்து, போஸ்னான் நகரின் கடைசிக் கச்சேரியில் அதை வாசித்தார். வாசித்து முடித்ததும் அரங்கம் அசைவற்று இருந்ததாம். அவர்கள் போற்றும் மேதையை அவமதித்துவிட்டோமோ என்று அவர் அஞ்சிய நேரத்தில் கைத்தட்டல் எழுந்தது. அந்தச் சில நொடிகளை எண்ணிப் பார், சபாபதி. மேடையேறி எத்தனையோ ஆண்டுகள் ஆன ஒரு கலைஞர், அந்நிய மண்ணில் முதல் அரங்கேற்றக்காரனைப் போல நடுங்கி நின்றிருக்கிறார்.

அடுத்து வந்த துருக்கிதான் மிருதங்கக்காரனான உன் தொழிலுக்கு மிக நெருக்கமானது. இஸ்தான்புல்லில் வானொலி நிலையத்துக்குப் போகும் வழியில், தெருவில் சிலர் ஒன்பது எண்ணிக்கையில் வாசிப்பதை ப்ரூபெக் கேட்டார். நம் கர்நாடக இசையிலும் ஒன்பது எண்ணிக்கைக்குச் சங்கீர்ணம் என்ற பெயர் உண்டு. மேற்கில் ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரிப்பதே வழக்கம். அந்தத் தெருக் கலைஞர்களோ அதை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரித்தார்கள். நம் சொற்கட்டில் சொன்னால் தக தக தக தகிட. நிலையத்துக்குப் போனதும் அங்கிருந்த வாத்தியக்காரர்களிடம் இதுபற்றி ப்ரூபெக் கேட்டார். உங்கள் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் உங்களுக்கு எப்படியோ எங்களுக்கு இது அப்படி என்று சொல்லி, அவர்கள் அனைவரும் அதே தாளத்தில் மனோதர்மமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியபின் அவர் அமைத்த 'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்' என்ற உருப்படியில் தக தக தக தகிட மூன்று முறை வந்து, நான்காவது முறை தகிட தகிட தகிட என்று விழும். கேட்கும்போது உன் கை சும்மா இருக்காது.

ப்ரூபெக்கின் ஆசிரியர், பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ, உலகைச் சுற்று, காதைத் திறந்து வைத்துக்கொள் என்று அவருக்கு அறிவுரை கூறியிருந்தார். அந்த அறிவுரையை நிறைவேற்றும் வாய்ப்பு இந்தப் பயணத்தில்தான் கிடைத்தது. கற்றுக்கொடுக்கப் போன குழு, கற்றுக்கொள்ளும் குழுவாக மாறியதுதான் இதில் என்னைக் கவர்ந்தது. அரசுக் கோப்புகளில் கச்சேரிகளின் கணக்கு இருக்கும்: 14 நாடுகளில் ஏறத்தாழ 80 கச்சேரிகள். என் பார்வையில் கச்சேரிகளுக்கு இடைப்பட்ட நேரங்களில், தெருவிலும் வானொலி நிலையத்திலும் அவர்கள் காதில் விழுந்தவையே அந்தப் பயணத்தின் உண்மையான ஆதாயம்.

இந்தியாவில் அவர்கள் பல நகரங்களில் வாசித்தார்கள். பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு ப்ரூபெக்குக்குப் பழக்கம் ஏற்பட்டது. சென்னையில் மொரெல்லோ சந்தித்தவர் யார் தெரியுமா? மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை! பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்தவர் மொரெல்லோ. விரல்களின் நுட்பத்தால் பெயர் பெற்றவர். பழனியோ புதுக்கோட்டைப் பாணியின் சிகரம், மற்றவர்கள் வலக்கையால் வாசிக்கும் வலந்தலை என்ற பக்கத்தை இடக்கையால் வாசித்தவர். மேடையில் மாறி உட்கார வேண்டியிருந்ததால், அவரோடு வாசிக்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள் என்பதும், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் ஆதரித்தார் என்பதும் நீ என்னைவிட நன்றாக அறிந்தவை. ரைட் பட்ட அவமானமும் பழனி எதிர்கொண்ட தயக்கமும் ஒன்றல்ல; நிறவெறியின் கொடுமை மிகப் பெரியது. ஆயினும் இருவருக்காகவும் முதன்மைக் கலைஞர் ஒருவர் மேடையில் உறுதியாக நின்றார் என்பதை என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பயணம் நீண்டுகொண்டே போய், இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று சென்று ஈராக்கில் முடிந்தது. பாக்தாதில் ப்ரூபெக் நோயுற்றார். அவர்கள் ஊர் திரும்பிய சில வாரங்களிலேயே, ஜூலை 14 அன்று, ஈராக்கின் முடியாட்சி கவிழ்ந்தது.

அதே ஆண்டில் 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா' என்ற இசைத்தட்டு வந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'டைம் அவுட்'டில் துருக்கியின் ஒன்பதும், டெஸ்மண்ட் அமைத்த ஐந்தெண்ணிக்கை 'டேக் ஃபைவ்'வும் இடம்பெற்றன. பழக்கமில்லாத தாளங்கள் விற்காது என்று கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் பலர் தயங்கிய அந்தத் தட்டு, ஜாஸ் வரலாற்றில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்றாகியது. ஆனால் நாடு மாறிவிடவில்லை. 1960இல் தென் மாநிலங்களில் ஏற்பாடான 25 கல்லூரிக் கச்சேரிகளில் பெரும்பாலானவை, ரைட்டுக்குப் பதில் வெள்ளைக்காரர் ஒருவரைக் கொண்டுவர ப்ரூபெக் மறுத்ததால் நின்றுபோயின. அந்தப் பண இழப்பை அவர் ஏற்றுக்கொண்டார். தூதர்களாகச் சென்ற கலைஞர்களின் இந்த முரணையே கருவாகக் கொண்டு, அயோலாவும் ப்ரூபெக்கும் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்காக ஓர் இசை நாடகம் எழுதினார்கள். 1962இல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஜாஸ் விழாவில் அது மேடையேறியபோது, கொழும்பில் பிறந்த யோலாண்ட் பவானும் அதில் பாடினார்.

யூரேஷியா இசைத்தட்டை என் மகன் வழியாக உனக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசியில் வரும் 'கல்கத்தா ப்ளூஸ்'ஸை முதலில் கேள். அதில் மொரெல்லோ குச்சிகளை வைத்துவிட்டு வெறும் கையால் டிரம்ஸ் வாசிக்கிறார். விரல்கள் தோலில் விழும் விதத்தில் மிருதங்கத்தின் பாதிப்பு இருப்பதாக என் காதுக்குப் படுகிறது; இதை உறுதி செய்யும் தகுதி எனக்கு இல்லை, உனக்கு உண்டு. கேட்டுவிட்டு, எந்த இடங்களில் உனக்கு அப்படித் தோன்றுகிறது என்று விரிவாக எழுது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
நடராஜன்