சின்னிக்கு யார் கையெழுத்துப் போடுவது

24.1.2026

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். தபால் அலுவலகத்தில் இருந்த 32 ஆண்டுகளில் இந்த வரியை ஊராருக்காக எத்தனை முறை எழுதிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ‘ஆவல்’ என்று ஒரு சொல் இருப்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தருவதாக எதிர்வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். நான் அனுப்புகிற செய்திகளுக்குக் கீழே இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன. முன்பெல்லாம் பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பி வருமே, அது போல. கடிதம் போய்ச் சேர்ந்தது என்று தெரியும், அவ்வளவுதான். பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும்.

விஷயம் நம் மாடு சின்னியைப் பற்றியது. கவிதாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட். அவளை இங்கே அழைத்து வர முடியாது என்பதால் நாங்கள் 31ஆம் தேதி ஓசூர் கிளம்புகிறோம். திரும்ப மாசிக் கடைசி ஆகிவிடும். சின்னிக்குச் சினை ஊசி போட்டது போன மே 6. 280 நாள் என்று கணக்குப் பார்த்தால் பிப்ரவரி 10 வருகிறது. மகளும் மாடும் ஒரே மாதத்தில். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

தரகர் வந்து பார்த்தார். நிறைமாதச் சினை என்பதால் நல்ல விலை சொன்னார். நான் மாட்டுக்காரன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய் இல்லையே. சின்னியின் தாய் செவலை உன் முதல் வருடச் சம்பளத்தில் வந்தவள். நம் தெருவிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஆறு பேரில் ஒருவன் பைக் வாங்கினான், ஒருவன் வீட்டுக்கு டைல்ஸ் போட்டான். மாடு வாங்கியவன் நீ ஒருவன்தான். இன்றும் பால் சொசைட்டியில் யாராவது வாய் திறந்தால் இதைச் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் நாற்பது நாளாக ஒரு வரி எழுதாமல் இருக்கிறாய்.

சின்னியைப் பழனியம்மாள் அத்தையிடம் விட்டுப் போகிறோம். தீனி, தண்ணீர் பற்றி எனக்குக் கவலை இல்லை. தோட்டத்தில் எத்தனையோ கன்றுகளைத் தன் கையால் இழுத்துப் போட்டவள். கவலை எல்லாம், ராத்திரியில் ஏதாவது ஆகி, டாக்டர் வந்து ‘இப்படிச் செய்யலாமா, அப்படிச் செய்யலாமா’ என்று கேட்டால் ‘செய்யுங்கள்’ என்று சொல்ல யாருக்கு உரிமை என்பதுதான். அதனால் ஓர் அதிகாரக் கடிதம் எழுதினேன். உனக்குத் தெரியுமே, அதிகாரக் கடிதம் இல்லாமல் பெற்ற மகனுக்குக்கூட மணியார்டரைக் கொடுக்காதவன் நான்.

கடிதத்தில் மாட்டின் அடையாளம், காது வில்லையின் 12 இலக்க எண், தேதி எல்லாம் போட்டேன். மருந்து, ஊசி, குளுக்கோஸ், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை வரை டாக்டர் சொல்கிற எதற்கும் பழனியம்மாள் சம்மதம் தரலாம். மாடா கன்றா என்று கேட்டால் மாடு. 20,000 ரூபாய் அவளிடம் கொடுத்துவைக்கிறேன். அது என் ஓய்வூதியப் பணம், நீ எதுவும் அனுப்ப வேண்டாம். எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “மூன்று இடத்தில் ‘என்னைக் கேட்டுக்கொண்டு’ என்று வருகிறதே, இதற்குப் பெயர் அதிகாரமா?” என்றாள்.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘எனக்குத் தெரிவித்துவிட்டு’ என்று வந்தது. அதையும் கிழித்தேன். நான்காவது தாளில்தான், ‘என்னையோ என் மகனையோ கேட்கத் தேவையில்லை’ என்று எழுதக் கை வந்தது. எழுதிவிட்டு வெளியே போய்ச் சின்னியைப் பார்த்தேன். அவள் அசை போட்டுக்கொண்டிருந்தாள். வலப்பக்க விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் கன்று இடிக்கிறது.

பழனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கும் முன் முழுவதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். நீயும் அப்படித்தான் இருக்க வேண்டும். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதே. அரபியில் இருந்தால் தெரிந்தவர் ஒருவரை வைத்து வாசித்துக் கேள். அவசரம், மேலாளர் காத்திருக்கிறார் என்பார்கள். காத்திருக்கட்டும். பொதுவாகச் சொல்கிறேன்.

வாசித்துக் கேட்டுவிட்டு இரண்டு திருத்தம் சொன்னாள். ஒன்று, ‘மாட்டுக்கு எது நேர்ந்தாலும் பழனியம்மாள் மேல் குற்றமில்லை’ என்று ஒரு வரி வேண்டும். நியாயம்தான், சேர்த்தேன். இன்னொன்று, இனிப் பிழைக்காது, வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டரே சொன்னால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று நான் எழுதியிருந்த வரி. அதை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. அவள், “அதை மட்டும் என் தலையில் வைக்காதீர்கள் அண்ணா” என்று சொல்லிவிட்டாள். அடித்துவிட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.

அவளுக்கே தெரிந்ததைத்தான் அவளுக்கு நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஈன்ற ஓரிரு நாளில் மாடு எழுந்திருக்காமல், கழுத்தை மடித்துத் தலையை விலாவில் வைத்துக்கொண்டு கிடந்தால், காது சில்லென்று இருந்தால், அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்து போகும். நாட்டு மருந்து அரைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நிற்கும். நஞ்சுக்கொடி அரை நாள் தாண்டியும் விழவில்லை என்றால் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ இழுப்பதோ கூடாது. 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காது வில்லையைக் கழற்றக் கூடாது, வில்லை இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் வராது. இந்தத் தடவை காப்பீட்டைப் புதுப்பித்துவிட்டேன்.

இந்தத் தடவை என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

செவலை பாம்பு கடித்துச் சாகவில்லை, தம்பி.

2022 ஐப்பசியில் அவளுக்கு நாள் நெருங்கியிருந்தது. மதியத்திலிருந்து எழுவதும் படுப்பதுமாக இருந்தாள். காலால் வயிற்றை உதைத்துக்கொண்டாள். பனிக்குடம் வரவே இல்லை. ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு தோள் வரை உள்ளே விட்டுப் பார்த்தவர், வழி திருகிக்கொண்டு போகிறது, கருப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது என்றார். கால்களைக் கட்டிப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் பலகையைப் போட்டு ஒருவரை ஏறி நிற்கச் சொல்லி, முறுக்கு விழுந்த பக்கமாகவே மாட்டை உருட்ட வேண்டும். உடம்பு திரும்பும், பலகை அழுத்துவதால் கருப்பை அதே இடத்தில் நிற்கும், முறுக்கு அவிழும். பலகையில் நின்றது நான். மூன்று தடவை உருட்டினோம், ஒவ்வொரு தடவையும் அவர் கையை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எட்டு மணி இருக்கும். “இங்கே இனி முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றுங்கள், வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே சம்மதக் கையெழுத்துக் கேட்பார்கள். மாடு உங்களுடையதுதானே?” என்றார்.

“பையனுடையது. கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

உன்னை 11 தடவை கூப்பிட்டேன். உனக்கு இரவுப் பணி, போன் லாக்கரில் இருந்திருக்கிறது. அம்மா, “வண்டியை வரச் சொல்லுங்கள், அவன் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறான்” என்று மூன்று தடவை சொன்னாள். பணம் எவ்வளவு ஆகுமோ, பிழைக்காவிட்டால் உன் 42,000 ரூபாயோடு அதுவும் போகுமே, நாளைக்கு ‘என்னைக் கேட்காமல் ஏன் அறுத்தீர்கள்’ என்று நீ கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு லாந்தரோடு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போகப் போகக் கருப்பைக்கு ரத்தம் போகாமல் அழுகத் தொடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு வண்டிக்குச் சொன்னேன். வண்டி வந்தபோது அவள் படுத்திருந்தாள், எழுப்ப முடியவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள். வயிற்றுக்குள் கன்றும்.

மறுநாள் நீ கூப்பிட்டு, “என்னப்பா இத்தனை மிஸ்டு கால்?” என்றாய். கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். ஒரு வாரம் கழித்துப் பாம்பு என்றேன். நீ நம்பி, தொழுவத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தரை போடப் பணம் அனுப்பினாய். அந்தத் தரையில்தான் இப்போது சின்னி நிற்கிறாள். தினமும் காலையில் சாணி அள்ளும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

அன்றைக்கு நீ போனை எடுக்காததுதான் காரணம் என்று உள்ளுக்குள் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அது அநியாயம். ஆலையில் நிற்கிறவன் எப்படி எடுப்பான்? கையெழுத்துப் போடப் பயந்தவன் நான். தபால் அலுவலகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று மற்றவர்களிடம் கையெழுத்துக் கேட்டே பழகிவிட்டது. அம்மாவைப் போடச் சொல்லியிருக்கலாம், அவள் போட்டிருப்பாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அதனால் அந்த அதிகாரக் கடிதத்துக்கு உன் சம்மதம் வேண்டும். ‘அத்தை முடிவு செய்யட்டும்’ என்று ஒரு வரி. அதுவும் முடியாவிட்டால் ‘சரி’ என்று ஒரு சொல். 31க்குள் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கடிதத்தைப் பழனியம்மாளிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன், இந்தத் தடவை காத்திருக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் வந்தால் நல்லது.

பொங்கலுக்கு வந்த சேகர் உங்கள் ஆலையைப் பற்றி டீக்கடையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் காதில் வாங்கவில்லை. வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்கு உதவ அயலகத் தமிழர் நலத்துறை என்று அரசாங்கத்தில் ஒன்று இருக்கிறதாம். கீழத் தெருவில் ஒருவருக்காக விசாரித்தபோது தெரிந்தது. உனக்கு எதற்கு, சும்மா சொல்கிறேன். வெயிலில் நின்றால் தண்ணீர் குடி. பணம் அனுப்பாதே, இங்கே எல்லாம் இருக்கிறது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அம்மா தானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போன வாரம் உன் அறையை ஒட்டடை அடித்தாள். கட்டில் கயிறு தளர்ந்திருந்தது, நான் புதுக் கயிறு வாங்கி இழுத்துக் கட்டிவிட்டேன். பழசாகிவிட்டது, அதனால்தான்.

இப்படிக்கு,
அப்பா