அவசரகாலப் பிரகடனமும் சபையின் கடமையும்: ஒரு திறந்த மடல்

கௌரவ சபாநாயகருக்கும் இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அவசரகால நிலை மேலும் ஒரு மாதத்திற்கு நீடிக்கப்பட்டது என்ற வானொலிச் செய்தியை மாதந்தோறும் கேட்டு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். ஆதரவாக இத்தனை வாக்குகள், எதிராக இத்தனை என்பதோடு அச்செய்தி முடிந்துவிடும். சபையில் எழுந்து கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். பிரேரணை நிறைவேறிக்கொண்டேதான் இருந்தது.

ஜனாதிபதியின் பிரகடனத்தைப் பாராளுமன்றம் 14 நாட்களுக்குள் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதியாகும் என்கிறது அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை. 1978இல் இதைவிட வலுவான தடையும் அங்கே இருந்தது: அவசரகாலம் தொடர்ந்து 90 நாட்களைக் கடந்தால், அதன்பின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும். 1986இல் பத்தாம் திருத்தத்தின் மூலம் அந்தத் தடையை நீக்கியது வேறு யாருமல்ல, உங்கள் சபையேதான். அதன்பின், இடைவெளிகள் இருந்தாலும், 2011 ஆகஸ்ட் வரை சாதாரண பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. நீங்கள் வாக்களிப்பது பிரகடனத்துக்கு. மக்களின் வாழ்வைத் தொடுவதோ அதன்கீழ் வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகள். 1983 ஜூனில் வந்த 15ஏ ஒழுங்குவிதி, மரண விசாரணையோ பிரேத பரிசோதனையோ இன்றிச் சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் பாதுகாப்புப் படையினருக்கு இடமளித்தது. சாதாரண சட்டத்தில் மரண விசாரணை அதிகாரி சடலத்தைப் பார்த்து, காயங்களைக் குறித்து, உறவினரின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்வார். அந்த ஒரு தாள் எழுதப்படாமல் போனதால், தம் பிள்ளை எப்படி இறந்தான் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லாத பெற்றோர் எங்களிடையே உண்டு.

2022 ஜூலை 17ஆம் திகதியப் பிரகடனத்தை, பத்து நாட்களின் பின் 120க்கு 63 என்ற வாக்குகளால் சபை அங்கீகரித்தது. அந்தப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். மூன்று ஆண்டுகள் கழித்து வரும் தீர்ப்பு, சபை அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கு ஈடாகாது.

ஒழுங்குவிதிகளை மாற்றவும் நீக்கவும், அவற்றுக்கு அடிப்படையான பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உங்களுக்கு ஏற்கெனவே அதிகாரம் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். 1986இல் நீக்கிய மூன்றிலிரண்டு நிபந்தனையை மீண்டும் அரசியலமைப்பில் சேருங்கள். அடுத்த பிரகடனம் சபைக்கு வரும் நாளில், வர்த்தமானியைக் கையில் வைத்து, ஒழுங்குவிதிகளை ஒவ்வொன்றாக வாசித்து விவாதித்த பின்னரே வாக்கெடுப்புக்குச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாண மாவட்ட வாக்காளன் ஒருவன்