ஜல்லியை விட்டுத் தார் கழன்றுபோகாத ரோடு வேண்டும்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சிச் சாலைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்ததும் ஏதாவது ஒரு தெருக்குழியில் கிடக்கும் ஜல்லியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் அதில் தார் ஒட்டியிருந்த தடமே இருக்காது, கழுவி வைத்ததுபோல் இருக்கும். லாரி போகாத சந்துகளிலும் இதே கதைதான். தண்ணீர் உள்ளே இறங்கி, கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிடிப்பைக் கழற்றியிருக்கிறது. அதனால் கலவையைத் தேர்ந்தெடுக்கும்போது, மழையைத் தாங்குமா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

அதற்கான சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்தால், 95 சதவீதப் பூச்சாவது ஒட்டியிருக்க வேண்டும். தேறாத குவாரிக் கல்லை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 2 சதவீதம் நீற்றிய சுண்ணாம்புத் தூள் சேர்க்க விதியே இடம் தருகிறது. ரோட்டின் ஆயுளோடு பார்த்தால் அந்தச் செலவு பெரிதே அல்ல.

எல்லா இடத்துக்கும் ஒரே தார் என்பதும் சரிவராது. குடியிருப்புத் தெருவுக்கு வி.ஜி.30 என்ற தரத் தார் போதும் (இந்த எண் கூடக் கூடத் தார் கெட்டி). பஸ் நிறுத்தத்திலும் சிக்னலிலும் நிலைமை வேறு. சித்திரை வெயிலில் இளகிய தாரை பிரேக் போடும் பஸ்கள் முன்னால் தள்ளித் தள்ளி மேடாக்கிவிடுகின்றன. பைக்கில் வருபவர் அதில் தடுமாறுகிறார். அங்கே வி.ஜி.40 போன்ற கெட்டியான தாரைக் கேளுங்கள்.

நல்ல கலவையும் ஆறிப்போனால் வீண். வி.ஜி.30 கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி சூடு வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். தார்ப்பாய் போடாத டிப்பர் டிராஃபிக்கில் நின்று வந்தால் அந்தச் சூடு எங்கே இருக்கும்? ஆறிய கலவை இறுகாது. கலவைக்குள் மிஞ்சும் காற்று இடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் மழைநீருக்கு உள்ளே போக வழி திறந்துவிடும். ராத்திரி ரோடு போடும் இடத்தில் உங்களில் ஒருவர் தெர்மாமீட்டரோடு நின்று, ஒவ்வொரு லோடையும் பார்த்த பிறகே இறக்க விட வேண்டும். நான் கேட்பதில் இதுதான் முக்கியம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய பிளாஸ்டிக் முறையும் நம்மிடம் உண்டு. சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் துகள் உருகிப் படிந்தால் தண்ணீர் எளிதில் பிரிக்க முடியாது. 2013 முதல், சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதலும் இதற்கு இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் போட்டாயிற்று என்று ரோலர் வேலையில் குறை வைத்தால் பலன் இல்லை. தண்ணீர் வடிய வழியில்லாத தெருவில் எந்தக் கலவையும் நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

அடுத்த டெண்டரிலேயே தாரின் தரம், ஊறல் சோதனை முடிவு, இறக்கும்போது இருந்த சூடு, ரோலருக்குப் பின் எடுத்த அடர்த்தி ஆகிய நான்கையும் வேலை நடக்கும் தெருவில் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே அந்த ரோடுகள் போட்டு முடிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தினமும் இந்த ரோடுகளில் போய்வரும் ஒருவர்