லா பாஸில் எங்களோடு நடந்த அக்காவுக்கு

உங்கள் பேரைக் கேட்டுக்கொள்ள வாய்க்கவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குக் கிழக்கே, மலைக்குள் இருக்கும் கீன் என்ற சின்ன ஊரில், விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த சீசர் சாவேஸின் சமாதி உள்ள லா பாஸ் வளாகத்தை நாங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தபோது, வந்த வேலையை விட்டுவிட்டு மதியம் முழுக்க எங்களோடு நடந்தீர்களே, அதற்கு நன்றி. அது ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். 1965இல் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியது லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள், சாவேஸின் சங்கம் ஒரு வாரம் கழித்துத்தான் சேர்ந்தது என்று கேட்காமலே அழுத்திச் சொன்னீர்கள். சாவேஸின் இடத்திலேயே நின்று அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் அந்த சாவேஸ் அறக்கட்டளை. நானும் சிலை, மாலை, பிறந்தநாள் விழா என்றுதான் நினைத்திருந்தேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கட்டுவது, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்குப் பாடம், ரேடியோ கம்பெசினா என்ற ஸ்பானிஷ் வானொலி என்று நீங்கள் ஒவ்வொன்றாகச் சொன்னபோதுதான் சரி, சங்கத்துக்கு வெளியேயும் தொழிலாளிக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று புரிந்தது. நீங்கள் தந்த ஸ்பானிஷ் துண்டுப்பிரசுரங்களை எங்கள் தெருவில் இருக்கும் மெக்சிகோ குடும்பத்திடம் கொடுத்துவிட்டேன். ரொம்ப நன்றி, அக்கா.