போகி ராத்திரி உதவுன அந்த சின்ன யானை (டாடா ஏஸ் வண்டி) அண்ணனுக்கு

பேர் தெரியாது, வண்டி நம்பரும் நோட் பண்ணல, யாராச்சும் மூலமா அவர் கண்ணுல படட்டும்னு எழுதுறேன். சென்னைய காலி பண்ணிட்டு திருச்சிக்கு குடி போறோம், மார்கழில பால் காய்ச்ச கூடாதுன்னு அம்மா சொன்னதால தை பொறக்குற அன்னைக்கே பால் காய்ச்சலாம்னு பிளான், அதனால பொங்கல் கூட்டத்துலயே மாட்டிக்கிட்டோம். கிளாம்பாக்கத்துல பஸ் ஏறவே பெரிய பாடு, அதுவும் விக்கிரவாண்டி டோல் தாண்டி நின்னுடுச்சு. சாமான் லாரி எங்களுக்கு முன்னாடியே போய் சேந்துடுச்சு, வீட்டு சாவி எங்கிட்ட, லோடுமேன்ங்க போன் மேல போன்.

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு கரும்பும் மஞ்சக்கொத்தும் ஏத்திட்டு போன அண்ணன் தான் நிறுத்துனாரு. அம்மாவையும் பாப்பாவையும் முன்னாடி உக்கார வச்சாரு, நான் கரும்பு மேல தார்ப்பாய போத்திக்கிட்டு (இடுப்பு இன்னும் வலிக்குது). அதோட விட்டாரா, திருச்சில இருக்குற அவர் மச்சானுக்கு போன் போட்டு "போய் நில்லுடா"ன்னுட்டாரு, அவர் போய் லோடுமேன்ங்கள சமாதானப்படுத்தி எல்லாத்தையும் வராண்டாவுல இறக்க வச்சு பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் காவல் இருந்தாரு!

காசு வேணாம்னு டயலாக் எல்லாம் பேசல, "டீசலுக்கு 500 குடுங்க"ன்னு நேரா கேட்டாரு, அது எனக்கு ரொம்ப புடிச்சுது. இறங்கும்போது ஒரு கட்டு மஞ்சக்கொத்தும் அம்மா கையில குடுத்தாரு, அதத்தான் பொங்கப் பானைல கட்டுனோம். அண்ணா, மச்சானோட ஒரு நாள் சாப்பிட வாங்க, வீடு தான் தெரியுமே.